இளவேனிலில் மலைத் தோட்டங்கள்: ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி தாவரவியல் பூங்காவை ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம்; பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். முகர்ந்து, தொட்டு, காது கொடுத்துக் கேட்டு வருவதென்றால் அரை நாளாவது வேண்டும். அந்த அரை நாளை ஒதுக்கத் தயாராக இருப்பவர்களுக்கான பதில்கள் இவை.

மலையில் இளவேனில் எப்போது?

தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும். மதுரையிலோ வேலூரிலோ இருந்துகொண்டு சித்திரையை இளவேனில் என்று சொன்னால் கேலி போல இருக்கும். பழைய இலக்கணமும் வேனிலைப் பாலைக்குத்தான் கொடுத்தது. மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, ஒதுக்கிய பொழுது கூதிரும் முன்பனியும். ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் ‘இள’ என்ற அடைமொழிக்கு அர்த்தம் புரியும்: பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12.

பூக்கள் ஒரே நாளில் வருவதில்லை, முறை வைத்து வருகின்றன. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் உறைபனிக் காலம். பூங்காக்காரர்கள் நாற்றுகளைக் கோத்தகிரிப் பக்கத்து மிலார் செடிகளால் மூடி வைத்திருப்பார்கள். அந்த மூடாக்கு எடுபடுவதுதான் முதல் அடையாளம். மார்ச்சில் தொட்டபெட்டா பக்கம் காட்டுப் பூவரசின் (ரோடோடென்ட்ரான்) கடைசிச் சிவப்பைப் பார்க்கலாம். ஏப்ரலில் ரோஜா எழும்பும், குன்னூர் மலைப்பாதையில் ஜகரண்டா ஊதாவாகப் பூக்கும், பாத்திகளில் பேன்சி, பெட்டூனியா, சால்வியா, டயாந்தஸ் நிரம்பும். மே மாதம் டேலியாவும் சாமந்தியும் சேர்ந்துகொள்ளும், கண்காட்சிகள் நடக்கும்.

ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் ஏப்ரல் 20-க்கும் மே 5-க்கும் இடையில், செவ்வாய் முதல் வியாழன் வரை வையுங்கள்.

மலர்க் கண்காட்சி நாளில் போகலாமா?

மனிதர்களைப் பார்க்கப் பிடிக்கும் என்றால் போகலாம்.

ஊட்டி மலர்க் கண்காட்சியின் தொடக்கம் 1896. அதன் நூற்றாண்டையொட்டித்தான் 1995-ல் ரோஜாப் பூங்காவே அமைந்தது. கொய்மலர்களைக் கொண்டு கட்டும் பெரிய உருவங்கள், மாடத்தில் அடுக்கிய ஆயிரக்கணக்கான தொட்டிகள் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். மூக்குக்கு அங்கே வேலை கிடையாது. கொய்மலர் கண்காட்சியின் கடைசி நாளில் வதங்கியிருக்கும். கூட்ட நெரிசலில் ஒரு பூவின் முன்னால் அரை நிமிடம் நிற்க முடியாது.

தொட்டிகள் மாடத்தில் அடுக்கப்படுவது கண்காட்சிக்குச் சில நாள் முன்பு. முடிந்த பிறகும் சில நாட்கள் அங்கேயே இருக்கும். அந்த முன்பின் நாட்களில் வேலைநாளாகப் பார்த்துப் போவதே நல்லது. ஒரு சங்கடம் உண்டு: கண்காட்சிக்காகப் பெரிய புல்தரையைப் பராமரிப்பதால் ஏப்ரலில் அதன் மேல் நடக்க விட மாட்டார்கள். வெறுங்காலோடு புல்லில் நடக்கவே வருகிறவர்கள் குன்னூருக்குப் போகலாம்.

எந்தத் தோட்டத்துக்கு முதலில் போவது?

எதை அனுபவிக்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நாளில் ஒரு தோட்டம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றைத் திணித்தால் மூன்றாவதில் மூக்கும் காலும் ஒத்துழைக்காது.

ஊட்டி தாவரவியல் பூங்கா 1848 வாக்கில் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வடிவமைத்தது. சுமார் 22 ஹெக்டேர், தொட்டபெட்டாவின் அடிச்சரிவு. பூவைவிட மரங்களுக்காகவே போக வேண்டிய இடம்: கார்க் ஓக், காகித மரம், குரங்குப் புதிர் மரம், பெரணி இல்லம், இத்தாலியப் பூங்கா. மேல் எல்லையில் தோடர் பழங்குடியினரின் ஊர், அதாவது மந்து, இருக்கிறது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். அதைக் காட்சிப் பொருளாக நினைத்துக் கேமராவை நீட்டாமல் கேட்டுவிட்டுப் போங்கள்.

ரோஜாப் பூங்கா எல்க் மலைச் சரிவில், வளைந்த ஐந்து அடுக்குகளாக, 4 ஹெக்டேரில் இருக்கிறது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006-ல் இதற்கு விருது கொடுத்தது. நிழல் குறைவு என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் தொடங்கியது, ஏறக்குறைய 1,780 மீட்டர் உயரம். ஊட்டியைவிட இரண்டு மூன்று டிகிரி கதகதப்பு, ஈரமும் அதிகம். மரப்பெரணி, ருத்ராட்ச மரம், கீழே ஒரு குளம். கூட்டமும் ஊட்டியைவிடக் குறைவு. எங்கள் கணக்கில் ஐம்புலனுக்கும் ஈடு கொடுப்பது இதுதான்.

கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஏரியின் கிழக்குப் பக்கம், சுமார் 20 ஏக்கர். 1908-ல் பிரையண்ட் என்ற வன அதிகாரி அமைத்தது. ஏறக்குறைய சமதரையில் வகுத்த பாத்திகள், ஒரு கண்ணாடி மாளிகை, 1857-ல் நட்ட ஒரு யூகலிப்டஸ். வயதானவர்களோடு போக வசதியானது.

காலையில் போனோம், பூ இருந்தது, வாசனை இல்லை. ஏன்?

சீக்கிரம் போய்விட்டீர்கள், அல்லது தாமதமாகப் போயிருக்கிறீர்கள்.

பூவின் மணம் என்பது இதழிலிருந்து ஆவியாகும் எண்ணெய். 10, 12 டிகிரிக் குளிரில், இதழ் மேல் பனித்துளி நிற்கும்போது, அந்த எண்ணெய் எழும்பாது. வெயில் பாத்தியில் விழுந்து, துளி காய்ந்து, இதழில் விரல் வைத்தால் சில்லென்று இல்லாத நிலை வர வேண்டும். ஏப்ரலில் ஊட்டியில் அது காலை 8 மணி சுமாருக்கு. அப்போது காற்றும் எழும்பியிருக்காது, மணம் பாத்திக்கு மேலேயே ஒரு முழ உயரத்தில் தேங்கி நிற்கும். குனிந்தால் தெரியும், நிமிர்ந்தால் தெரியாது.

10.30, 11 மணிக்கு மேல் வெயில் ஏறிய சரிவுகளில் காற்று கீழிருந்து மேலே வீசத் தொடங்கும். மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்குச் சுட்ட சோளத்தின் புகையும் ஆயிரம் பேரின் தலையெண்ணெயும் வந்து சேரும். உச்சி வெயிலில் எண்ணெயும் தீர்ந்துபோயிருக்கும். ரோஜா அத்தர் எடுப்பவர்கள் வெயில் ஏறும் முன் பறித்து முடித்துவிடுவதற்குக் காரணமும் இதுதான்.

பிற்பகல் 2-லிருந்து 4 வரை பல நாட்களில் மூடுபனி இறங்கும். பூ மணம் மங்கி, ஈர இலை, பாசி, சைப்ரஸ் பிசின் இவற்றின் வாசனை மேலோங்கும் நேரம் அது. பூங்காவைப் ‘பார்க்க’ வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு காருக்குத் திரும்புவார்கள். நீங்கள் அப்போது மரங்களுக்கு அடியில் போய் நில்லுங்கள்.

மாலை 5-க்கு மேல் வேறொரு கூட்டம் விழிக்கும்: ஸ்டாக் மலர், வெள்ளை பெட்டூனியா, கவிழ்ந்த குழல் போலத் தொங்கும் பிருக்மான்சியா. இவை அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூக்கள். பகலில் மணத்தை வீணாக்குவதில்லை.

ஆகவே வாயில் திறந்ததும் உள்ளே போய், முதல் ஒரு மணி நேரத்தைப் பறவைக்கும் வெளிச்சத்துக்கும் கொடுங்கள். 8-லிருந்து 10.30 வரை ரோஜாவும் பாத்திகளும். அதன் பிறகு பெரணி இல்லம், கண்ணாடி மாளிகை. வெளியே வறண்ட குளிர், உள்ளே வெதுவெதுப்பான ஈர மண் வாசனை. கதவைத் தாண்டும் அந்த ஒரு அடியில் உடம்பு உணரும் மாற்றத்துக்காகவே ஒரு தடவை போய் வரலாம்.

பூவை முகர்வதற்கும் முறை உண்டா?

உண்டு. முதலில் உள்ளே தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பிடித்து இழுக்காமல் நீங்கள் குனியுங்கள். பாதி விரிந்த பூவைத் தேர்ந்தெடுங்கள். முழுதாக விரிந்து மகரந்தம் கறுத்ததில் மணம் போயிருக்கும். மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, பூவுக்குள் வாயால் மெல்ல ஒரு மூச்சு ஊதுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் எழும்பும். பிறகு நீளமாக இழுக்காமல், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று மோப்பம்.

ஐந்தாறு பூவுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மூக்கு சலித்துவிட்டது, அவ்வளவுதான். காப்பிக்கொட்டை முகர்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். தேவையில்லை, பாத்தியை விட்டு விலகி இரண்டு நிமிடம் வெறும் காற்றை மூச்சிழுத்தாலே போதும். அன்று சென்ட் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் மூக்கையும் மறைக்கும், தேனீயையும் கூப்பிடும். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு ரோஜாப் பூங்காவுக்குப் போவதும் இதே கணக்குதான்.

ரோஜாப் பூங்காவில் பாதிப் பூக்களுக்கு மணமே இல்லையே?

பெரிய கூம்பு மொட்டும் நீண்ட காம்பும் கொண்ட ஹைபிரிட் டீ ரோஜாக்களில் பல, பார்வைக்காகவும் பறித்த பிறகு வாடாமல் நிற்பதற்காகவும் கலப்பு செய்யப்பட்டவை. அந்த முயற்சியில் மணத்தை யாரும் கவனிக்கவில்லை. மணம் தேடுகிறவர்களுக்குத் தோட்டக்காரர்களின் பழைய குறிப்பு ஒன்று உதவும்: அடர்ந்த நிறம், தடித்த வெல்வெட் இதழ், இதழ் எண்ணிக்கை அதிகம். கறுஞ்சிவப்பிலும் ஆழ்ந்த இளஞ்சிவப்பிலும் நம் பன்னீர் ரோஜாவை நினைவூட்டும் வாசனை கிடைக்கும். மஞ்சளில் தேயிலையோ எலுமிச்சையோ கலந்தாற்போல் வரும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா பாத்திகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பெயர்ப்பலகையில் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நர்சரியில் ‘அந்த வாசனை ரோஜா’ என்று கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள்.

மலையில் பூவின் நிறம் ஏன் இவ்வளவு ஆழம்?

சிவப்பு, ஊதா, நீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி குளிர்ந்த இரவில் நன்றாகச் சேரும்; சூட்டில் சிதையும். பகலில் செடி தயாரித்த சர்க்கரையும் குளிரிரவில் குறைவாகவே செலவாகும். அதனால் பூ பெரிதாகவும் இருக்கும், செடியில் அதிக நாளும் நிற்கும். அதே பேன்சி சென்னையில் ஜனவரியில் பூத்தால்கூட ஊட்டிப் பேன்சியின் முகத்தோடு ஒப்பிட முடியாது.

ஹைட்ராஞ்சியா இங்கே மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது?

மண் புளிப்பு. நீலகிரி மண்ணின் அமிலத் தன்மையில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்குப் போய், நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. கார அமில எண் (pH) 5.5-க்குக் கீழே நீலம், 6.5-க்கு மேலே இளஞ்சிவப்பு, நடுவில் இரண்டும் குழம்பிய ஊதா. ஒரே வரிசையில் ஒரு புதர் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தால் பக்கத்தில் சிமென்ட் சுவரோ சுண்ணாம்பு பூசிய கல்லோ இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் தொட்டுப் பார்க்கலாம்?

கார்க் ஓக் மரத்தின் பட்டையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மரம் என்று நினைத்த கை, ரப்பர் போல அமுங்குவதை உணர்ந்து ஏமாறும். காகித மரத்தின் பட்டை துணி மடித்து வைத்ததுபோல அடுக்கடுக்காக இருக்கும். தடவலாம், உரிக்கக் கூடாது. அதே பூங்காவில் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்த கல்மரம் ஒன்று கிடக்கிறது. வயது 2 கோடி ஆண்டு என்று சொல்லப்படுகிறது. காலை வெயிலில் பக்கத்து மரத்தின் பட்டை சூடேறிய பிறகும் இது குளிர்ந்தே இருக்கும், ஒரு கையை இதிலும் மறு கையை அதிலும் வைத்துப் பாருங்கள்.

இலைகளில் ஜெரேனியம் வகைகள் சில, தொட்டாலே மணக்கும்: ஒன்று ரோஜா, ஒன்று எலுமிச்சை, ஒன்று புதினா. இரு விரலால் இலையை மெல்லத் தேய்த்துவிட்டு விரலை முகர்ந்தால் போதும், கிள்ள வேண்டியதில்லை. உதிர்ந்து கிடக்கும் யூகலிப்டஸ் இலையை, அதாவது உள்ளூர்க்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் மரத்தின் இலையை, நடுவில் ஒடித்து முகரலாம். அதிலிருந்து வடிப்பதுதான் நீலகிரித் தைலம். பச்சிளம் குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ அந்தத் தைலத்தைத் தடவும் பழக்கம் ஆபத்தானது. மூச்சுத் திணறல் வரும்.

எதைத் தொடக்கூடாது?

முக்கியமாகப் பிருக்மான்சியா. ஊமத்தையின் சொந்தக்காரன், இலை முதல் விதை வரை நஞ்சு. பூவைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பல மணி நேரம் பார்வை மங்கும். மாலையில் மணத்துக்காகத் தள்ளி நின்று ரசிக்க வேண்டிய பூ. பூங்காவில் மட்டுமல்ல, குன்னூர், கோத்தகிரி வீடுகளின் வேலியோரத்திலும் தொங்கும்.

வேலியோரப் புதர்களில் காஞ்சொறி இனத்துச் செடிகள் உண்டு. இலையிலும் தண்டிலும் மெல்லிய முள்மயிர், பட்டால் தேள் கொட்டியதுபோல் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்து மயிரை எடுத்துவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். குரங்குப் புதிர் மரத்தின் இலை நுனிகள் ஊசி. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

காதுக்கு என்ன இருக்கிறது?

வாயில் திறந்த முதல் ஒரு மணி நேரம். சோலையும் ஓடையும் பக்கத்தில் இருந்தால் சீகாரப் பூங்குருவி கேட்கும். சோம்பேறிப் பையன் ஒருவன் ராகம் மறந்துபோய்ச் சீட்டியடித்துக்கொண்டு நடப்பது போன்ற குரல். கேட்ட பிறகுதான் பறவை என்று நம்புவீர்கள். புதருக்குள் கூட்டமாகச் சிரிப்பது நீலகிரி சிரிப்பான், உலகத்தில் இந்த மலைப்பகுதி தவிர வேறெங்கும் கிடையாது. செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் நாள் முழுக்க இருக்கும். சிம்ஸ் பூங்காவின் குளத்துப் பக்கம் இதற்கு நல்ல இடம், பள்ளமாக இருப்பதால் சாலை இரைச்சல் மேலேயே நின்றுவிடுகிறது.

மழை வந்தால் பயணம் வீணா?

இல்லை. ஏப்ரல், மே கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். காய்ந்த மண்ணில் முதல் துளிகள் விழும்போது எழும் வாசனைக்கு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் காரணம். மனித மூக்கு அதை நம்ப முடியாத அளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். மழைக்கு மறுநாள் காலை இந்தப் பருவத்தின் சிறந்த காலை: தூசி கழுவி, மண் மணத்தோடு, மலை விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும்.

வீணாவது பெட்டூனியாவும் பேன்சியும். மெல்லிய இதழ் நைந்துபோகும். ஆலங்கட்டி விழுந்தால் பாத்தியே சல்லடை. தோட்டக்காரர்கள் கிள்ளிவிட்டுப் புது மொட்டு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இடி மின்னல் இருந்தால் தனி மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். குன்னூரில் மழைக்குப் பிறகு ஈரச் சருகுப் பாதைகளில் அட்டை ஏறும். காலுறையில் உப்பு தேய்த்துக்கொள்ளலாம். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள்.

காப்பிப் பூ பார்க்க வேண்டும். எப்போது வருவது?

தேதி சொல்ல முடியாது, மழையைத்தான் கேட்க வேண்டும். மொட்டு காத்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச், ஏப்ரலிலோ 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நல்ல மழை பெய்தால் எட்டு, பத்து நாளில் மலையே வெள்ளையாகும். மல்லிகையை ஒத்த மணம், தோட்டத்துக்கு வெளியே சாலையிலேயே தெரியும். மூன்று நாளில் பழுப்பாகிவிடும். ஏற்காடும் கீழ்ப்பழனி மலைகளும் இதற்கான இடங்கள். ஊட்டி அதிகக் குளிர், அங்கே காப்பி கிடையாது. தங்குமிடத்துக்காரரிடம் ‘மழை பெய்ததும் ஒரு போன் போடுங்கள்’ என்று சொல்லி வைப்பதே வழி.

அப்போது குறிஞ்சி?

கிடைக்காது. நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030; அதுவும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. ஏப்ரலில் ‘குறிஞ்சிப் பூ’ என்று யாராவது காட்டினால் அது வேறு ஏதோ செடி.

நாக்குக்கு என்ன?

மே இரண்டாம் பாதியில் பிளம்ஸும் பீச்சும் வரத் தொடங்கும். குன்னூர்ப் பழக் கண்காட்சியும் அப்போதுதான். பிளம்ஸ் வாங்கும்போது தோல் மேல் வெண்மாவு படிந்ததைப் பாருங்கள், பளபளவென்று துடைத்தது பல கை மாறியது. காம்புப் பக்கம் லேசாக அமுங்க வேண்டும். பர்லியாறு, கல்லாறு மங்குஸ்தானை ஏப்ரலில் கேட்டு ஏமாறாதீர்கள். ஜூன், ஜூலை ஆகும்.

ஊட்டி வர்க்கியை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். ‘டப்’பென்று நொறுங்க வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. தேநீரில் நனைக்கும்போது மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். தேநீரைப் பற்றி ஒன்று: இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறையில் கெட்டிலில் போடும் தேநீர் ‘இறங்கவே இல்லை’ என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். இலைத் தூளை ஒரு நிமிடம் கூடுதலாக ஊற விடுங்கள்.

என்ன உடை? வெயில் உறைக்குமா?

குளிராக இருப்பதால் வெயில் தெரியாது, சுட்டுவிடும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு மூக்கு நுனியும் கழுத்தும் கறுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. பருத்திச் சட்டை, மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு என மூன்று அடுக்கு வைத்துக்கொண்டு காலை 9 மணிக்கு ஒன்றைக் கழற்றுங்கள். விளிம்புள்ள தொப்பி. புல்தரை 9.30 வரை நனைந்திருக்கும், துணிக் காலணி ஊறிப்போகும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

போனில் எடுத்தால் அந்த நிறம் வரவில்லை.

நண்பகல் வெயிலில் சிவப்பு இதழ்கள் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். மேகம் மூடும்போது எடுங்கள், அல்லது பூவின் மேல் உங்கள் நிழல் விழும்படி நில்லுங்கள். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஜகரண்டா ஊதாவைப் பல போன்கள் நீலமாக்கும்; அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை, கண்ணால் பார்த்துக்கொள்வதே உத்தமம்.

வாகனத்தில் போக என்ன ஏற்பாடு?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வேலைநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. புறப்படும் நாள் காலையில் பதியலாம் என்று இருக்காதீர்கள். அரசுப் பேருந்துக்கு இது பொருந்தாது. தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை நீலகிரிச் சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. வயிற்றைக் கலக்குகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம். ஏறும்போதே ஜன்னலைத் திறந்து வைத்தால் கல்லாற்றின் பாக்குத் தோப்பு ஈரம், நடுவில் காட்டு இலை, மேலே தேயிலை என்று வாசனை மாறிக்கொண்டே வருவது தெரியும்.

மலை ரயிலில் இதே மாற்றத்தை மெதுவாக அனுபவிக்கலாம்: 46 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல். குன்னூர் வரை நீராவி என்ஜின், புகைக்கரி கண்ணில் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள்?

சிம்ஸ் பூங்காவில் போகும்போது இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். உற்சாகத்தில் குளம் வரை போய்விட்டுத் திணறுவார்கள். பாதி தூரத்தில் உட்கார்ந்து ரசித்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். ஊட்டியில் கீழ்ப் பூங்காவோடு நிறுத்தலாம். சக்கர நாற்காலி என்றால் பிரையண்ட் பூங்கா. முதல் நாள் மூச்சு வாங்குவது இந்த உயரத்தில் சகஜம்தான், மெதுவாக நடந்தால் போதும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சைப்ரஸ், சீகை (வாட்டில்) மரங்களின் மகரந்தம் சிலருக்குத் தும்மலைக் கிளப்பும். இன்ஹேலர் அறையில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

செடி வாங்கிக் கீழே கொண்டுவந்தால் பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்காது. ஃபுஷியா, சினரேரியா, டியூபரஸ் பிகோனியா எல்லாம் சமவெளியின் மே இரவைத் தாங்காது. ஒரு வாரத்தில் இலை உதிர்த்துவிடும். ஹைட்ராஞ்சியா உயிரோடு இருக்கும், பூக்காது. மொட்டு கட்ட அதற்குப் பல வாரக் குளிரிரவுகள் வேண்டும்.

ரோஜா தாங்கும். ஒட்டுக் கட்டிய இடம் தடித்து, புதுத் துளிர் இரண்டாவது உள்ளதாக எடுங்கள். பூவைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். இறங்கும் நாள் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முந்தின நாள் மாலை ஊற்றியது போதும். இல்லாவிட்டால் வளைவுகளில் மண் கட்டி உடைந்து வேர் அறும். சாப்பிட நிறுத்தும்போது பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பெரும்பாலான செடிகள் சாவது அங்கேதான். வீட்டில் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடம். அதுவரை தொட்டி மாற்றவோ உரம் போடவோ வேண்டாம்.

பெட்டூனியா, டயாந்தஸ், பேன்சிக்கு விதையாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, மழை விட்டுவிட்டுப் பெய்யும் அக்டோபர் கடைசியில் கூரைக்கு அடியில் தட்டில் விதையுங்கள். பெட்டூனியா விதை கடுகைவிடப் பொடி, அதற்கு மண் மூட வேண்டாம், தெளித்துவிட்டு உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மற்ற இரண்டையும் மெல்லிய மண்ணால் மூடுங்கள்.